மூன்று கண், நாலு பொட்டு

எங்கள் கல்லூரி நல்லம்பள்ளியைத் தாண்டி நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. தன்னாட்சி கிடைத்து மூன்று வருடமாகிறது. அதற்கு முன்பு வினாத்தாளையும் மதிப்பெண்ணையும் தவறுகளையும் வெளியிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தோம். இப்போது எல்லாம் இங்கேயே தயாராகிறது.

தயாரிப்பவர் மாதவராஜ் சார், தேர்வுப் பிரிவின் எழுத்தர். அவருக்கு மேலே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று ஒருவர் உண்டு. அவர் கையெழுத்துப் போடும் நாள்களில் மட்டும் வருவார்.

சென்ற வருடத்திலிருந்து மதிப்பெண் பட்டியலின் அடியில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு க்யூஆர் கோடு அச்சாகிறது. அதை ஸ்கேன் செய்தால் பெயர், பதிவெண், பாடவாரியாக மதிப்பெண் எல்லாம் எழுத்தாக வரும். அதாவது காகிதத்தில் இருப்பதே மறுபடியும் வரும். எதற்கு இரண்டு தடவை என்று அறிமுகக் கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான். பாதுகாப்புக்கு என்றார் முதல்வர். யாரிடமிருந்து என்று அவன் கேட்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவன், பாவம்.

ஆயுத பூஜைக்கு மறுவாரம் ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. தரப் பரிசோதனைப் பிரிவுக்கு வேதியியல் படித்தவர்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். நேர்முகம் முன்பே முடிந்து பன்னிரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. அன்றைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி. சரிபார்த்தவுடன் கையில் வேலைக் கடிதம், நான்கு மணிக்குக் கம்பெனி பஸ், ராத்திரி ஓசூரில் விடுதி, மறுநாள் எட்டு மணிக்கு ஷிஃப்ட்.

என் பெயர் ஆரோக்கிய பிரவீன். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. அன்றைக்குக் கழுத்தில் ‘தன்னார்வலர்’ என்று ஓர் அட்டை தொங்கியது. தண்ணீர் பாட்டில் கொடுப்பது, வரிசையை நேராக்குவது, செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்வது ஆகியவை என் பொறுப்புகள்.

கம்பெனியின் சார்பில் வந்திருந்தவர் சுகுணா மேடம். அவரிடம் ஒரு டேப்லெட் இருந்தது. பட்டியலின் அடிப்பகுதியை அதற்குக் காட்டினால் திரை நிறம் மாறும். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி என்றால் பச்சை. ஒன்றில் தவறியிருந்தாலும் சிவப்பு, வேலை கிடையாது. க்யூஆர் கோடைப் படிக்க முடியாவிட்டால் மஞ்சள். மஞ்சள் வந்தவர்கள் கல்லூரியிலிருந்து ‘இவர் தேர்ச்சி பெற்றவர்தான்’ என்று ஒரு கடிதம் கொண்டுவந்தால் போதும். காகிதத்தில் அச்சாகியிருப்பதை அந்தத் திரை பார்ப்பதே இல்லை. அதற்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, கட்டம் மட்டும்தான் தெரியும்.

பதினொரு பேருக்குப் பச்சை வந்தது. பன்னிரண்டாவதாக நின்ற யுவராணி அக்காவுக்கு மஞ்சள்.

யுவராணி அக்காவுக்கு ஊர் சித்தேரி மலை. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேதியியல் படித்து, அந்த வருடம்தான் முடித்திருந்தார். முதல் பஸ்ஸில் மலையிறங்கி, அரூரில் மாறி, தருமபுரியில் மாறி, எல்லோருக்கும் முன்பாக வந்தவர் வரிசையில் கடைசியாகப் போய் நின்றார். ஏன் என்பது பட்டியலை நீட்டியபோது தெரிந்தது. கோடு இருந்த இடத்தில் செம்மஞ்சளாக ஒரு மேகம் படர்ந்திருந்தது.

“என்னம்மா இது, சாம்பாரா?” என்றார் சுகுணா மேடம்.

“இல்லீங் மேடம். எங்கம்மா பூஜைல வெச்சுட்டாங்க.”

அம்மா செல்லி பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தலையணை. ஓசூர் விடுதியில் தலையணை தருவார்களா என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

“புதுப் பேப்பரு வூட்டுக்கு வந்தா நாலு மூலைலயும் மஞ்ச வெக்காம எப்படிங்க எடுக்கறது?” என்றார் செல்லி. “வெச்சன். அப்பறம் பாத்தா கீழ சின்னதா ஒரு கட்டம். அதுக்கும் நாலு மூல இருந்துச்சு. மூணு மூலைல கண்ணு கண்ணா போட்டிருந்தாங்க. நாலாவது மூல மட்டும் மூளியா இருந்துச்சுங்க. எனுக்கு மனசு கேக்கல. நாலுக்கும் குங்குமம் வெச்சன்.”

“தொடச்சதையும் சொல்லு,” என்றார் யுவராணி.

“இவ கத்துனா. அதனால ஈரத்துணி போட்டுத் தொடச்சன்.”

இந்த இடத்தில் செல்லியின் திறமையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கோடில் வரிசைக்கு நாற்பத்தொன்பதாக மொத்தம் இரண்டாயிரத்து நானூற்றியொரு கட்டங்கள். போன் முதலில் தேடுவது அந்த மூன்று கண்களைத்தான். அவை கிடைக்காவிட்டால் அது கோடு என்பதே போனுக்குத் தெரியாது. ஒரு கோடை நாசம் செய்ய எங்கே தொட வேண்டும் என்று எங்கள் வகுப்பில் கேட்டிருந்தால் பாதிப் பேர் நடுவில் என்று எழுதியிருப்பார்கள். செல்லி ஒரே முயற்சியில் மூன்றையும் அடித்திருந்தார்.

“பரவால்லம்மா,” என்றார் சுகுணா மேடம். “ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பத்து நிமிஷ வேலை.”

யுவராணி அக்கா அலுவலகத்தை நோக்கித் திரும்பினார். அவர் நான்கு அடி எடுத்து வைத்திருப்பார்.

“லெட்டர் எதுக்குங் மேடம்? இதை எடுத்துரலாம்,” என்றேன் நான்.

“எதை?”

“உள்ள இருக்கற டேட்டாவ. அழிஞ்ச கோடுல இருந்து மீட்டு எடுக்கறது.”

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. போன மாதம் இதே தலைப்பில் நாற்பத்திரண்டு பேர் முன்னால் கருத்தரங்கக் கட்டுரை வாசித்தேன். நாற்பது பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தூங்கினான். மீதி ஒருவர் பேராசிரியர், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்வையாளர்கள் தேவைப்பட்டார்கள்.

“தம்பி, மேடமே லெட்டர் போதும்னு சொல்லிட்டாங்க. நீ எதுக்கு நடுவுல?” என்றார் யுவராணி.

“ஒரு மணி நேரந்தாங்க்கா. உங்களுக்கு நல்லதுதான்.”

“எனுக்கு நல்லது பண்ண எல்லாரும் கேக்காமயே வர்றாங்க. மூணு வருசமா பாத்துக்கினுதான் இருக்கறன்.”

அந்த நேரத்தில் முதல்வர் அந்தப் பக்கமாக வந்தார். அடுத்த மாதம் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அதற்கான கோப்பில் ‘மாணவர் தனித்திறன்’ என்று நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் கோலப் போட்டி இருந்தது. மூன்று காலி. முதல்வர் விஷயத்தைக் கேட்டார், என்னைப் பார்த்தார், தாவரவியல் துறை உதவியாளரைக் கேமராவுடன் வரச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு பேரும், சுகுணா மேடமும், செல்லியும், தலையணையும் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் திரையின் மேல்பாதி சுவரில் பெரிதாக விழுந்தது.

“சார், நான் லெட்டரையும் வாங்கிக்கினு வந்துர்றனே,” என்று யுவராணி எழுந்தார்.

“உக்காரும்மா. இன்னிக்கு உன் பட்டியல்தான் கதாநாயகி,” என்றார் முதல்வர்.

பட்டியலை ஸ்கேனரில் வைத்துப் பெரிதாக்கினேன். முதலில் மூன்று கண்களை நானே வரைந்தேன். அவை எல்லாக் கோடிலும் ஒரே மாதிரி இருக்கும், அவற்றில் செய்தி எதுவும் கிடையாது. மேலதிகாரியின் கையெழுத்து போல. இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு கட்டமாகக் கறுப்பா வெள்ளையா என்று குறித்தேன். ஈரத்துணி போன வழியில் ஐந்நூறு கட்டங்கள் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. அவற்றைச் சாம்பல் நிறமாக்கி, தெரியாது என்று குறித்தேன். ஒரு கோடை உருவாக்கும்போதே, அழிந்தால் மீட்பதற்கென்று உபரி எண்களை அதற்குள் வைத்திருப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால் அந்த எண்கள் இரண்டு மடங்கு சேதத்தைத் தாங்கும். கணக்கில் மட்டும்தான் இந்த வசதி.

“எம்மவ மார்க்குக்கா இத்தினி கட்டம்?” என்று செல்லி பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். “எங்கூர்ல மொத்தமே இத்தினி சனம் இல்ல.”

கட்டங்களை எட்டு விதங்களில் ஒன்றால் குழப்பி வைத்திருப்பார்கள். எந்த விதம் என்ற குறிப்பு குங்குமத்துக்கு அடியில் போய்விட்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான்கு முறை சுவரில் குப்பை விழுந்தது. ஒவ்வொரு குப்பைக்கும் முதல்வர் ஆர்வமாகத் தலையாட்டினார்.

அப்போது மாதவராஜ் சார் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதம்.

“பிரவீனு, இதெல்லாம் எதுக்குப்பா? நான் லெட்டரே அடிச்சுட்டன். சீலும் வெச்சாச்சு,” என்றார்.

“இருங்க மாதவராஜ். பையன் பண்றான்,” என்றார் முதல்வர்.

ஐந்தாவது முறை பெயர் வந்தது. சுவரில் YUVARANI என்று எழுத்து எழுத்தாக விழுந்தபோது ஆய்வகம் கைதட்டியது. செல்லியும் தட்டினார், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு. முதல்வர் என் தோளில் கை வைத்தார். கேமரா இரண்டு முறை மின்னியது. அடுத்து பதிவெண். அடுத்து துறை. அடுத்து பாடங்கள், ஒவ்வொன்றாக, தேர்ச்சி, தேர்ச்சி, தேர்ச்சி என்று.

கடைசிப் பாடம் கரிம வேதியியல். மதிப்பெண் 31. மறுதேர்வு.

சுகுணா மேடம் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அதில் கரிம வேதியியல் 52, தேர்ச்சி என்று அச்சாகியிருந்தது. சுவரைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

“அது பழைய மார்க்குங்க,” என்றார் யுவராணி. எழுந்து நின்றுவிட்டார். “நான் ரீவேல்யுவேஷன் போட்டன். அம்பத்திரண்டு வந்துச்சு. ஜூலைல போர்டுல ஒட்டுனாங்க. மாதவராஜ் சார், நீங்கதான் ஒட்டுனீங்க. நான் பசைக் கிண்ணத்தப் புடிச்சுக்கினு நின்னன்.”

“நான் எவ்ளோ ஒட்டறன்மா,” என்றார் மாதவராஜ் சார். “எல்லாம் ஞாபகம் இருக்குமா? ரெஜிஸ்டரைப் பாக்கணும். அது கண்ட்ரோலர் பீரோல இருக்குது. சாவி அவர்ட்ட. அவரு பொண்ணு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிருக்காரு.”

யுவராணி அக்கா போனில் எதையோ வேகமாகத் தேடி மேடத்திடம் நீட்டினார். மறுமதிப்பீட்டு முடிவின் ஸ்க்ரீன்ஷாட்.

“ஸ்க்ரீன்ஷாட்ல யார் வேணா என்ன வேணா எழுதலாம்மா,” என்றார் மேடம். குரலில் கடுமை இல்லை.

மீட்ட செய்தியில் மதிப்பெண்களுக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. எல்லாக் கோடிலும் கடைசி வரி அதுதான், கோடு உருவான தேதி. சுவரில் அது தெரியவில்லை. என் திரையில் தெரிந்தது. பதினான்கு, மே. மறுமதிப்பீட்டுக்கு ஒன்றரை மாதம் முன்பு. ஆக, மதிப்பெண் மாறியபோது காகிதத்தில் திருத்தியிருக்கிறார்கள், கோடை அப்படியே விட்டிருக்கிறார்கள். யுவராணி சொன்னது உண்மை. விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் அந்த வரி சுவருக்கு ஏறிவிடும்.

சுகுணா மேடம் என் பக்கம் திரும்பினார்.

“பிரவீன், நிறைய கட்டத்தை நீங்களாதான் ஃபில் பண்ணீங்க. அதுல தப்பு வர சான்ஸ் இருக்கா? கொஞ்சம் இருக்குன்னாலும் சொல்லுங்க. நான் இதை மஞ்சள்னே வெச்சுக்கிட்டு சாரோட லெட்டரை வாங்கிக்கறேன்.”

நல்ல பெண்மணி. நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவரே செய்து, ஆறவைத்து, கையில் கொடுத்தார். நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஆனால் தோளில் முதல்வரின் கை இருந்தது. எதிரில் கேமரா இருந்தது. கோப்பில் மூன்று பக்கங்கள் காலியாக இருந்தன. கொஞ்சம் தப்பு இருக்கலாம் என்று சொல்கிறவனின் படத்தை யாரும் அதில் ஒட்ட மாட்டார்கள்.

“சான்ஸே இல்லீங் மேடம். கணக்கு இடிச்சிருந்தா எதுவுமே வந்திருக்காது.”

“முழுசா இவ்ளோதானா?”

“இவ்ளோதாங்க.”

முதல் பதில் முழு உண்மை.

மேடம் டேப்லெட்டில் சிவப்பை அழுத்தினார். முதல்வர் பட்டியலை விசாரணைக்காக வாங்கிக்கொண்டார். மாதவராஜ் சார் கையிலிருந்த கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், பஸ் டிக்கெட்டை வைப்பதுபோல. காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தவருக்கு இண்டூருக்குப் போன் போயிற்று. அவர் அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார், தலை வாராமல். அவருக்குப் பச்சை வந்தது. நான்கு மணிக்கு பஸ் பன்னிரண்டு பேரோடு கிளம்பியது. கல்லூரியின் கணக்குப்படி அன்றைக்குக் குறை எதுவும் இல்லை.

வாசலில் செல்லி என்னை நிறுத்தினார்.

“சாமி, நான் அந்தக் குங்குமத்த வெக்காம இருந்திருந்தா இவளுக்கு வேல கெடச்சிருக்குமா?”

வைக்காமல் இருந்திருந்தால் டேப்லெட் கோடை உடனே படித்து, பத்தே நொடியில் சிவப்பு காட்டியிருக்கும். அந்த வேலையை மதியம் வரை காப்பாற்றி வைத்திருந்தது குங்குமம் மட்டும்தான். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். கேமராக்காரர் என்னைப் படியில் நிற்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இனிமே வெக்காதீங்கம்மா,” என்றேன்.

செல்லி சரி என்று தலையாட்டினார். பிறகு உள்ளங்கையால் தன் நெற்றியில் இரண்டு தடவை அடித்துக்கொண்டார். யுவராணி அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தலையணை செல்லியின் கக்கத்தில் இருந்தது.

மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், மதிப்பெண் மோசடியைக் கண்டுபிடித்த மாணவர் என்று என் படம் வந்தது. பெண்ணின் எதிர்காலம் கருதிப் பெயரைப் போடவில்லை. ‘சித்தேரியைச் சேர்ந்த வேதியியல் பட்டதாரி’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். சித்தேரியில் வேதியியல் பட்டதாரி ஒருவர்தான். அந்த வாரமே, சான்றிதழ்களில் மஞ்சள், குங்குமம், சந்தனம் வைப்பது தண்டனைக்குரியது என்று கல்லூரி சுற்றறிக்கை விட்டது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘மின்னணுச் சான்றிதழ் சரிபார்ப்பு மாணவர் ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒரு பதவியும் கொடுத்தார்கள். தேர்வுப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு பூதக்கண்ணாடி, முத்திரை மை. வெளியே போகும் ஒவ்வொரு சான்றிதழையும் நான் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சேதமான கோடு இருந்தால் நோட்டில் பதிந்து, வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பதிவை, சரிபார்ப்பு கேட்டிருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் செய்ய வேண்டும்.

முதல் நாள் மாதவராஜ் சார் எனக்கு டீ வாங்கி வந்தார்.

“தம்பி, அன்னிக்கு அந்தக் கடைசி வரிய நீ பாத்தியா?”

“எந்த வரிங் சார்?”

அவர் தன் டீயை என் மேசையில் வைத்தார். பிறகு போய் ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார்.

“ரீவேல்யுவேஷன்ல மாறுனவங்க இருவத்தாறு பேரு,” என்றார் டீயை ஊதியபடி. “கோடு ஃபைலை மே மாசமே பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டன். அப்பறம் மார்க்க மட்டும் திருத்தி அனுப்புனன். இதையெல்லாம் யாரு ஸ்கேன் பண்ணிப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சன்.”

“மத்த இருவத்தஞ்சு பேரு?”

“வர்றப்ப பாத்துக்கலாம். பன்னு நல்லா இருக்குதா?”

நன்றாகத்தான் இருந்தது.

நவம்பரில் யுவராணி அக்கா வந்தார். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. குழுவில் மூன்று பேர். ஒருவர் விடுப்பில், ஒருவருக்குத் தான் குழுவில் இருப்பதே தெரியாது, இன்னொருவர் மாதவராஜ் சார்.

“விசாரணைல இருக்கறதத் திருப்பித் தர முடியாதும்மா,” என்றார் அவர், கண்ணாடியின் ஓட்டை வழியாக. “டூப்ளிகேட் வேணும்னா எழுதிக் குடு. தொலஞ்சு போச்சுன்னு போலீஸ்ல சர்டிபிகேட் வாங்கிக்கினு வரணும்.”

“தொலையலீங்களே சார். உங்க பின்னால கண்ணாடி பீரோல இருக்குது. இங்கருந்தே மஞ்சக் கற தெரியுது.”

“ரூல் அப்படி இருக்குது. தொலஞ்சதுக்குத்தான் டூப்ளிகேட். இருக்கறதுக்கு எப்படித் தர்றது?”

யுவராணி அக்கா ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொன்னார். சான்றிதழ் கல்லூரி பீரோவில் இருக்கிறது, அது தொலைந்துவிட்டது என்று எழுதித் தாருங்கள் என்றார். துரத்திவிட்டார்கள். இரண்டாவது முறை, அரூரிலிருந்து சித்தேரி போகும் பஸ்ஸில், ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது என்றார். எந்த வளைவில் என்று கேட்டார்கள். ஏதோ ஒரு வளைவைச் சொன்னார். அங்கே போய்த் தேடிப் பார்த்தாயா என்று கேட்டார்கள். மூன்றாவது முறை போனபோது, தேடிப் பார்த்தேன் என்று சொல்லி, சான்றிதழ் கிடைக்கவில்லை என்ற சான்றிதழை வாங்கினார். இதையெல்லாம் அவரே என் மேசைக்கு எதிரில் நின்று மாதவராஜ் சாரிடம் சொன்னார். சார், பொய் சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

ஜனவரியில் டூப்ளிகேட் வந்தது. கறையில்லாத வெள்ளைத் தாள். கரிம வேதியியல் 52, தேர்ச்சி. யுவராணி அக்கா அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

“சீக்கிரம் பாரு தம்பி. திங்கக்கெழம கிருஷ்ணகிரில ஒரு லேபுல கூப்புட்டிருக்காங்க. எங்கம்மாட்டகூடச் சொல்லல. சொன்னா எதுனா வெச்சுருவாங்க.”

போனைக் காட்டினேன். பிரமாதமாகப் படித்தது. கரிம வேதியியல் 31, மறுதேர்வு.

அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். படித்தார். பிறகு கட்டைவிரலால் திரையை மேலே தள்ளினார். கடைசி வரி வந்தது.

“பழைய ஃபைல்லயே எடுத்துட்டாரா?”

“ஆமாங்க்கா.”

“அவர்ட்ட சொன்னா மாத்த மாட்டாரா?”

“மாத்தணும்னா மொதல்ல தப்புன்னு எழுதணும். இருவத்தாறு பேருக்கும் எழுதணும். அவருக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றரை வருசம் இருக்குது.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கும் இந்த வரி இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

“நீ பாத்த.”

“பாத்தன்.”

“ஏன் சொல்லல?”

“அதப் பத்தி யாரும் கேக்கலீங்க்கா.”

“மேடம் கேட்டாங்க. முழுசா இவ்ளோதானான்னு கேட்டாங்க. நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தன்.”

முத்திரை மையின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினேன்.

“செரி, அத வுடு,” என்றார். “ஒண்ணு கேக்கறன், அதையாவது முழுசா சொல்லு. எவ்ளோ அழிஞ்சா இதப் படிக்க முடியாது?”

மூன்று வருடத்தில் இந்தத் துறையில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது.

“போனுக்குன்னா ஏழுல ஒரு பங்கு போனா போதும். எனுக்குன்னா மூணுல ஒரு பங்குக்கு மேல போவணும்.”

“உனுக்கே ஆவாத மாதிரி வேணும்.”

துப்பட்டாவிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினார். பட்டியலை என் மேசைமேல் விரித்து, என் நோட்டை எடுத்து அடியில் அட்டையாக வைத்துக்கொண்டார்.

“எங்கருந்து ஆரம்பிக்கறது?”

“வலது பக்கம் கீழருந்து. டேட்டா அங்கதான் தொடங்குது.”

ஊக்கின் முனையால் சுரண்டத் தொடங்கினார். அவசரமே இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் வடிதாளிலிருந்து படிவைச் சுரண்டி எடுப்பதுபோல, தாள் கிழியாமல், கறுப்பு மட்டும் தூளாக வந்தது. அவர் நிறுத்திய இடத்தில் நான் போனைக் காட்டினேன். படித்தது. இன்னும் இரண்டு வரிசை சுரண்டினார். படித்தது. இடது பக்கத்துக்குப் போனார். இந்த முறை போன் சும்மா இருந்தது.

“இப்ப நீ பாரு,” என்று பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினார்.

எண்ணிப் பார்த்தேன். உபரி எண்களிலும் பாதி போயிருந்தன. எட்டு விதத்திலும் முயன்றாலும் அவர் பெயரைக்கூட எடுக்க முடியாது.

“இன்னும் ரெண்டு வரிச எடுத்துருங்க,” என்றேன். எடுத்தார்.

“இப்ப ஆவாதுங்க்கா.”

“நல்லது.” தூளை ஊதிவிட்டு, கண்ணாடியின் ஓட்டைப் பக்கம் குனிந்தார். “சார், கோடு படிக்க முடியலன்னு வந்தா லெட்டரு தருவீங்கல்ல?”

“எத்தினி வேணும்மா?” என்றார் மாதவராஜ் சார். உடனே ஒன்றை அடித்து, முத்திரை வைத்துக் கொடுத்தார். அவரைப் போல் சீக்கிரமாகக் கடிதம் கொடுக்கிறவர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

யுவராணி அக்கா கடிதத்தையும் பட்டியலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அரூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.

நான் நோட்டைத் திறந்தேன். அதுவரை அதில் ஒரு பதிவும் இல்லை. பெயர், பதிவெண், சான்றிதழ் எண் மூன்றையும் எழுதினேன். அடுத்த பத்தி, சேதத்தின் காரணம். தேய்மானம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஒருங்கிணைப்பாளரின் நோட்டில் முதல் பதிவே தேய்மானம் என்று இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது. ‘உரியவரே வேண்டுமென்றே ஊக்கால் சுரண்டியது, என் முன்னிலையில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் போவது வெள்ளிக்கிழமை, அதாவது மறுநாள். கிருஷ்ணகிரி லேபும் அந்த மின்னஞ்சல் பட்டியலில் இருந்தது.